மார்ப்பிள் அம்மையாரும் அளவை நூலும்

துப்பறியுங் கதை என்றதும் முகஞ் சுளிப்போர் தமிழாசிரியருள் மிகப் பலர். சங்கச் செய்யுளும் சமயநூலும் கற்பிக்க வேண்டியவர் கொலைக் கதையைக் கையிலெடுத்தல் தகுமோ என்பது அவர் வினா. ஆசிரியர் அறையில் அவ்வினாவை யாமும் பன்முறை எதிர்கொண்டதுண்டு. நண்பர் ஒருவர் அதனினுங் கனமான தடையொன்றை எழுப்பினார். "இவ்வளவு சாவைக் கண்ட வன்னியிலே, பொழுதுபோக்குக்கும் சாவுதானா?" என்றார். முன்னைய வினாவுக்கு விடை எளிது. பின்னையதற்கு எளிதன்று, ஆயினும் அதனைக் கேளாதவர்போற் கடந்து செல்லுதல் நேர்மையாகாது. பல்லாண்டாக யாம் விரும்பி வாசித்துவரும் ஒரு கதைத்தொடரைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் அறிமுகஞ் செய்யுமுகத்தால், இரண்டுக்கும் இயன்ற விடை கூறப் புகுகின்றோம்.

ஈண்டு யாம் கருதிய தொடர், ஆங்கில நாவலாசிரியை அகதா கிறிஸ்ரி அம்மையார் எழுதிய மிஸ் மார்ப்பிள் கதைகள். அம்மையார் 1890 இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள ரோர்க்கி நகரிற் பிறந்து, 1976 இல் மறைந்தவர். மிஸ் மார்ப்பிளைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்டு அவர் எழுதிய நாவல்கள் 12, சிறுகதைகள் 20. முதற் சிறுகதை 1927 இலும், 'பாதிரியார் மனையிற் கொலை' என்று தமிழிற் சொல்லத்தக்க முதல் நாவல் 1930 இலும் வெளிவந்தன. இறுதி நாவல் அம்மையார் மறைந்த ஆண்டிலேயே அச்சேறியது. அது பல்லாண்டுகட்கு முன்னரே எழுதிப் பூட்டி வைக்கப்பட்டிருந்த நூல். நூற்பெயர்களை யாம் தமிழ்ப்படுத்தியே தருகின்றோம். ஆண்டுகளைக் குறித்திருப்பது, நூலகத்தில் மூலநூலைத் தேடுவார்க்கு உதவும்பொருட்டு.

இவ்வகைக் கதையை மேனாட்டார் 'கோசி மிஸ்ரரி' என வழங்குவர். குளிருக்கு அடுப்பருகே போர்த்துக்கொண்டிருக்கும் இதம் என்பது முற்சொல்லின் கருத்து. வன்னியின் பங்குனி வெயிலில் அவ்விதத்தின் அருமை விளங்காது. மார்கழி மழைக்குத் தாழ்வாரத்திற் சாக்கைப் போர்த்தியிருந்து தேநீர் குடித்தவர்க்கு ஓரளவு விளங்கும். இக்கதைகளிற் கொலை நடக்கும், குருதி வழியாது. துப்பறிபவர் காவற்றுறையினர் அல்லர். களம் ஒரு சிற்றூர் அல்லது ஒரு பெரிய வீடு. ஐயத்துக்கு உரியவர் பத்துப் பன்னிருவர். அனைவரும் ஒருவரையொருவர் அறிந்தவர். கதை முடியும்போது உண்மை ஐயந்திரிபற வெளிப்பட்டே தீரும்.

மிஸ் மார்ப்பிள் வாழும் ஊர் சென்ற் மேரி மீட் என்னும் கற்பனை ஊர். அங்கே பாதிரியார் மனை ஒன்று, வைத்தியர் வீடு ஒன்று, தபாற்கந்தோர், மீன்கடை, ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவரின் பெருமனை. கோயில், குளக்கட்டு, சங்கக்கடை, வாசிகசாலை, விதானையார் வீடு என்று எண்ணிப் பழகிய நமக்கு அவ்வூரின் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஒருவர் வீட்டில் நடந்தது மறுநாட் காலையில் ஊர் முழுவதற்கும் தெரிந்துவிடுவதும் பொதுவே. மிஸ் மார்ப்பிள் மணமாகாத முதியவர். வெண்டலை, நீலக்கண், மென்குரல். கையிற் கம்பளி பின்னிக்கொண்டே எதிரிலிருப்பவர் பேச்சைச் செவிமடுப்பார். தோட்ட வேலை செய்வதாகவும், தொலைநோக்காடியாற் பறவை பார்ப்பதாகவும் சொல்லிக்கொள்வார். பறவையோடு வேறு பலவும் அவர் கண்ணுக்குத் தப்பா. படலையடியில் இருந்து பனையோலைப் பெட்டி இழைத்துக்கொண்டே, தெருவாற் போவோர் வருவோரைக் கணக்கெடுக்கும் பெரியாச்சி ஒருவரை வாசகர் நினைத்துக்கொள்க. ஓலையை வாங்கிவிட்டுக் கம்பளி நூலைக் கொடுத்தால் அவரே மிஸ் மார்ப்பிள். தம் பாட்டியாரும் அவருடைய தோழியரும் போன்ற கிழவி இவர் என்று கிறிஸ்ரி அம்மையாரே தம் வரலாற்றிற் கூறியுள்ளார். அப்பாட்டியார் எவரிடத்தும் தீமையையே எதிர்பார்ப்பவராம்; பெரும்பாலும் அவர் எதிர்பார்ப்புப் பலித்தும் விடுமாம்.

இனி, தமிழ் கற்பாரும் கற்பிப்பாரும் இக்கதைகளில் நயக்கத் தக்கது யாது? அது மிஸ் மார்ப்பிள் உண்மை காணும் முறையே. மணிமேகலையின் இருபத்தேழாங் காதையில், அளவை வாதி பொருளை அறியும் வழிகள் பத்தினைக் கூறுவதை உயர்தர வகுப்பு மாணவர் கேட்டிருப்பர். அவற்றுட் காட்சி, கருதல், உவமம் என்பன முதற்கண் நிற்பவை. கருதலுக்கு அங்கே தரப்படும் எடுத்துக்காட்டுகள் வன்னியார்க்கென்றே சொல்லப்பட்டன போலும்! காட்டில் எழும் ஒலியைக் கேட்டு அங்கே யானை உண்டென்று உணர்வது ஒன்று. ஆற்று வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்ததென்று துணிவது மற்றொன்று. யானைக் காவலுக்குப் பரண்மேல் இருந்தவர்க்கு முன்னையதை விளக்க வேண்டா. கனகராயன் ஆற்றிற் கலங்கல் நீர் இறங்கக் கண்டு, வவுனியாப் பக்கம் மழை என்றும் இரணைமடுவில் நீர் ஏறும் என்றும் சொல்லும் கமக்காரர்க்குப் பின்னையதை விளக்க வேண்டா.

ஷேர்லொக் ஹோம்ஸ் முதலாய புகழ்பெற்ற துப்பறிவாளர் பெரிதும் நம்புவது இக்கருதல் அளவையை. சுருட்டுச் சாம்பல், காலடிச் சுவடு, சட்டைக் கையின் கறை என்பன அவர்க்குக் கலங்கல் நீர். மிஸ் மார்ப்பிள் வழி வேறு. அவருடையது உவம அளவை. ஆமாவைக் கண்டிராத ஒருவன் 'அது ஆவைப் போலும்' என்று கேட்டறிந்து, பின் காட்டிற் கண்டவிடத்து இதுவே ஆமா என்று உணர்வதை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர். பெருஞ் செல்வன் ஒருவன் கொலைப்பட்ட செய்தியைக் கேட்டதும் இக்கிழவி, தம்மூர் மீன்காரன் மகனை நினைப்பார்; ஒருத்தியின் சிரிப்பைக் கண்டதும், முன்னொருகால் தம் வீட்டில் இருந்த பணிப்பெண்ணை நினைப்பார். மாந்தர் இயல்பு எங்கும் ஒன்றே. சிற்றூரில் அதனை அருகிருந்து காணலாம், அவ்வளவே என்பது அவர் கொள்கை. சிவஞான சித்தியார் ஒப்பினைத் தனியளவையாகக் கொள்ளாது, காண்டல் கருதல் உரை என்னும் மூன்றனுள் அடக்கிவிடும். மார்ப்பிள் அம்மையார் அவ்வவையில் இருந்திருப்பின் பின்னலைக் கீழே வையாமலே ஒரு தடை எழுப்பியிருப்பார் என்று யாம் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1927 இல் வந்த அம்முதற் சிறுகதையில், மாலைப்பொழுதில் அறுவர் கூடித் தாம் அறிந்த தீராப் புதிர்களைச் சொல்கின்றனர். அவருள் ஓவியர், வழக்கறிஞர், சமயகுரு, காவற்றுறையில் தலைமைப் பதவி வகித்தவர், அம்மையாரின் எழுத்தாளரான மருகர் ஆகியோர் உளர். மூலையிற் பின்னிக்கொண்டிருக்கும் கிழவியை எவரும் பொருட்படுத்தவில்லை. அவரோ கடையில் வாங்கிய இறால் வழியிற் காணாமற்போன கதையைச் சொல்லத் தொடங்க, ஏனையோர் நகைக்கின்றனர். கொலைப்புதிரின் திறவுகோலோ மையொற்றுத் தாளிற் பதிந்த ஒரு தொடரில் இருக்கின்றது. ஐவரும் அதனை ஒரு பொருளிற் படித்தனர்; அடுக்களை அறிந்த கிழவி வேறு பொருளிற் படித்தார். சிலேடை கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்க்கு இதனினும் இனிய பாடம் கிடைத்தல் அரிது. அத்தொடர் யாதென்பதை யாம் சொல்லோம். துப்பறியுங் கதையின் முடிபை முன்கூட்டிச் சொல்பவர், பந்தியில் இருப்பவர் இலையை இழுப்பவரோடு ஒப்பர்.

இக்கதைகட்கு யாப்பும் உண்டு. றொனல்ட் நொக்ஸ் என்னும் கத்தோலிக்கக் குரு 1929 இல் துப்பறியுங் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துபோனவராக இருத்தல் வேண்டும். துப்பறிபவர் கண்ட சான்றெல்லாம் வாசகரும் கண்டிருத்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. கிறிஸ்ரி அம்மையார் சிலவிடங்களில் விதியை வளைத்தாரெனினும் வாசகர்க்குச் சான்றை ஒளித்தவர் அல்லர். விடை தெரிந்தபின் முன்னைய பக்கங்களைப் புரட்டினால், அது நம் கண்முன்னே இருந்தமை புலனாகும். ஊன்றி வாசியாது வரியைத் தாவிச் செல்லும் மாணவர்க்கு இதுபோன்ற மருந்து பிறிதில்லை என்பது எம் அநுபவம்.

தமிழும் இத்துறையில் வறியதன்று. பண்டித நடேச சாஸ்திரியார் 1894 இலேயே தானவன் என்னும் காவற்றுறை நிபுணன் கதைகளை வெளியிட்டார். ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908 இல் வந்தது. அவர் படைத்த துப்பறிவாளர் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் நம் பாட்டன்மார் காலத்தில் வீட்டுப் பெயர்கள். ஆயினும் அவை திடுக்கிடும் திருப்பங்களை நம்பியவை. சிற்றூர்க் கதையின் இதம் அவற்றில் இல்லை. அவ்விதத்துக்கு அணித்தாக வருவது, 1940களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு. வங்கிக் குமாஸ்தாவான சாம்பு அறிவாற் கண்டுபிடிப்பதில்லை. அவர் எதையோ செய்யப்போக உண்மை தானே வந்து விழும். நகைச்சுவையில் தேவனுக்கு நிகர் இல்லை. ஆனால் வாசகர் தாமும் துப்பறியும் இன்பத்தை அக்கதைகள் தாரா. அவ்வின்பத்துக்கு மரியாதை இராமன் வழக்குகளே நம்மிடம் உள்ள பழைய வித்து எனலாம்.

எமக்கு இத்தொடர் அறிமுகமான வகையையும் சிறிது சொல்லுதல் வேண்டும். 1996 இல் கிளிநொச்சி நகரை விட்டு அக்கராயன் பக்கம் ஒதுங்கியிருந்த காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் அருமை. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சிட்டுச் சில துளி எண்ணெய் விட்டு ஏற்றும் சிறு விளக்கே படிப்புக்கும் விளக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து முன்னரே இடம்பெயர்ந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பாத்திர பண்டங்களோடு கொணர்ந்த நாலைந்து நூல்களுள் ஒன்று, 'கொலையொன்று அறிவிக்கப்படுகின்றது' என்னும் 1950 ஆம் ஆண்டு நாவல். அட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்கள் பலவும் இல்லை. நால்வராக அகராதியும் கையுமாய் இருந்து அதனைப் படித்தோம். முடிபு இல்லாமையால் அதனை நாமே கட்ட வேண்டியதாயிற்று. பல இரவு வாதிட்டோம். 2002 இல் ஏ9 வீதி திறந்தபின் யாழ்ப்பாணத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் முழுப் பிரதி கிடைத்தது. எம்முள் ஒருவர், சங்கக்கடையிற் கணக்கெழுதியவர், விடையைச் சான்றோடு நிறுவியிருந்தமை அப்போது தெரிந்தது. அதனைச் சொல்ல அவரைத் தேடினோம். அவர் எங்கு உளரென்பதை அவர் தாயாரும் அறியார்.

அந்நாவலின் உள்ளுறை நம்மவர் சிந்திக்கத் தக்கது. ஊர்ச் செய்தித்தாளில், இன்ன வீட்டில் இன்ன நேரத்திற் கொலை நிகழும் என்று விளம்பரம் வருகின்றது. விளையாட்டென்று எண்ணி அயலார் கூடுகின்றனர். இரண்டாம் உலகப்போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன காலம். உணவுப் பங்கீட்டு அட்டை வழக்கிலிருந்த காலம். முன்னெல்லாம் ஊருக்குப் புதிதாய் வருபவர் அறிமுகக் கடிதத்தோடு வருவர். போருக்குப்பின் யார் எங்கிருந்து வந்தாரென்பதை எவரும் அறியார். அவர் தம்மைப்பற்றிச் சொல்வதே சான்று என்று மிஸ் மார்ப்பிள் கவல்கின்றார். வன்னியை நினைந்தோம். 1958, 1977, 1983 ஆம் ஆண்டு வன்செயல்களின்பின் வந்தோர், 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர், 2009 இன்பின் மெனிக் பாம் முகாமிலிருந்து மீண்டோர் என்று இம்மண்ணின் ஊர்கள் பன்முறை கலைந்து பன்முறை கூடியவை. "எவடம்? ஆற்றை பிள்ளை?" என்பதே நம் துப்பறியும் வினா. அவ்வினாவில் உறவு தேடும் அன்பும் உண்டு. சாதி தேடும் இழிவும் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. ஆயினும் கடிதமின்றி வந்தவர்க்குக் கிடுகும் கம்பும் கொடுத்துக் காணியின் ஒரு மூலையைக் காட்டிய ஊர்களும் இவையே. இதனை ஒப்புநோக்கும்போது அவ்வாங்கிலச் சிற்றூரின் அச்சம் நமக்குச் சற்றுச் சிறிதாகத் தோன்றும்.

இனி, நண்பர் எழுப்பிய தடை. இக்கதைகள் பெருகிய காலத்தை முதற்கண் நோக்குதல் வேண்டும். 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த பெரும்போரில் பிரித்தானியர் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட படைவீரரை இழந்தனர். கிறிஸ்ரி அம்மையார் அக்காலத்தே ரோர்க்கி மருத்துவமனையில் முதலிற் காயமுற்றோர்க்குத் தாதியாகவும், பின் மருந்து கலப்பவராகவும் பணிசெய்தார். நஞ்சுகளைப் பற்றிய அவர் அறிவு அங்கே பெற்றது. அந்நகரில் வந்து தங்கிய பெல்ஜிய ஏதிலிகளைக் கண்டே தம் முதல் துப்பறிவாளரான பொயிறோவைப் படைத்தார். 1920 இல் வந்த முதல் நாவலில் அவர் ஆங்கிலச் சிற்றூரொன்றில் அடைக்கலம் புகுந்த இடம்பெயர்ந்தவர்! மகனை இழந்தும் உடலைக் காணாத தாய் தந்தையர் மலிந்த நாட்டில், ஒரே ஒரு சாவைச் சுற்றி எழுந்த கதைகளை மக்கள் விரும்பி வாசித்தனர். அது மனவன்மையால் அன்று என்பது எம் துணிபு. போரிற் சாவு எண்ணாகிவிடும். இக்கதைகளில் ஒரு சாவுக்கு ஊர் முழுவதும் தொழிலை விட்டு நிற்கும். இறந்தவர் யார், கடைசியாக யாரோடு பேசினார், என்ன உண்டார் என்று கேட்டுக் கேட்டு, விடை வரும்வரை கதை முடியாது.

1953 இல் வந்த 'பை நிறையத் தானியம்' என்னும் நாவலை இதற்குக் காட்டலாம். பெருஞ் செல்வர் ஒருவர் நஞ்சூட்டப்பட்டு இறக்கின்றார். காவலர், வழக்கறிஞர், மக்கள், மருமக்கள் எல்லோர் கவனமும் அவர்பால். அதனிடையே கிளாடிஸ் என்னும் பணிப்பெண்ணும் கொல்லப்படுகின்றாள். உடலைத் துணி உலர்த்தும் கொடியருகே போட்டு, மூக்கில் துணிக்கவ்வி ஒன்றையும் மாட்டிவிட்டுப் போயிருக்கின்றான் கொலைஞன். அவள் அநாதை இல்லத்தில் வளர்ந்தவள்; அழகும் கூர்மையும் இல்லாதவள். அவளுக்காக அழ ஒருவரும் இலர். செய்தித்தாளிற் கண்டு, இரயிலேறித் தனியே வருகின்றார் மிஸ் மார்ப்பிள். அவளுக்கு வீட்டு வேலை பழக்கியவர் அவரே. கொலையோடு நில்லாது அந்த எளியவளை இழிவும் செய்தானே என்பதே அவர் சினம். செல்வரின் சாவுக்காக அவர் வரவில்லை.

இக்காட்சியை வாசிக்குந்தோறும் எமக்குச் சிலம்பு நினைவுக்கு வரும். பாண்டியன் செய்த பிழை யாது? ஆராயாமை ஒன்றே. கண்ணகி கொணர்ந்ததும் படையன்று, ஒரு சான்று. சிலம்பினுள்ளே பரல் மாணிக்கமோ முத்தோ என்னும் ஒரு வினா. முல்லைத்தீவு வற்றாப்பளையில் ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கலுக்குத் திரளும் மக்கள் வணங்குவது அவ்வாறு கேட்ட ஒருத்தியை. 2017 பெப்ரவரி 20 ஆந் தேதி, காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலில் அமர்ந்த தாய்மாரையும் நாம் அறிவோம்; ஆண்டுக்கணக்காக அவர் கேட்டனர்; கேட்டுக்கொண்டே இறந்தோரும் உளர். கேள்விக்கு விடை வரும் ஓர் உலகத்தை, கதையளவிலேனும், இங்குள்ளவர் வாசித்து மகிழ்வதில் வியப்பு யாது? எம் நண்பர்க்கு யாம் கூறிய விடை இதுவே. அவர் ஒப்பினாரல்லர், ஆனால் நூலை இரவல் வாங்கிச் சென்றார்.

குறைகளும் உள. பணிமக்களைச் சிலவிடத்து மூடராகக் காட்டுவது ஆசிரியையின் வழக்கம். கிளாடிஸ்கூட முழுதும் தப்பவில்லை. வெளிநாட்டார் வந்தால் ஊரார் ஐயம் முதலில் அவர்மேற் செல்லும். இந்தியாவிலிருந்து மீண்ட படைத்தலைவர்களின் பெருமைப் பேச்சு நமக்கு இனிக்காது. ஆனால் காலம் மாறுவதை ஆசிரியை காணாமல் இல்லை. 1962 ஆம் ஆண்டு நாவலிற் சென்ற் மேரி மீட்டின் அருகே ஒரேமாதிரியான வீடுகள் நிரை நிரையாக எழுந்துவிடுகின்றன. கூடையை நாமே எடுத்துப் பண்டம் பொறுக்கும் புதுக்கடை வந்ததென்று ஊர்ப் பெண்டிர் குறைபடுகின்றனர். புதுக் குடியிருப்பைப் பார்க்கச் சென்று கால் இடறி விழும் மிஸ் மார்ப்பிளைத் தூக்கி எடுத்துத் தேநீர் கொடுப்பவள் அங்குள்ள ஒருத்தியே. வீட்டுத்திட்ட வீடுகளிடையே நடப்போர் இப்பகுதியை முறுவலோடு வாசிப்பர்.

எதனை முதலில் எடுப்பது என வினவும் மாணவர்க்கு: சிறுகதைகளிலிருந்து தொடங்குக. 1932 இல் தொகுக்கப்பட்ட பதின்மூன்று புதிர்கள் அதற்கு ஏற்றவை, ஒவ்வொன்றும் ஒரே இருப்பில் முடியும், ஆங்கிலமும் கடினமன்று. அடுத்து 1930 ஆம் ஆண்டு நாவல். பாதிரியாரே கதை சொல்வதால் நடையில் மெல்லிய நகை ஓடும். அதன்பின் 1950 ஆம் ஆண்டு நூல். அகராதியை அருகில் வைத்துக்கொள்க. ஆனால் வரிதோறும் புரட்ட வேண்டா. ஐயத்துக்கு உரியவர் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்தல் நன்று. ஆங்கிலப் பெயர்கள் எமக்கே இன்றும் குழம்பும். 'பை நிறையத் தானியம்' என்பதைச் சற்றுப் பிந்தி எடுக்கலாம். அதன் முடிவில் ஒரு கடிதம் வரும். அதனைப் பலர் நடுவே இருந்து வாசிக்காதிருத்தல் நன்று.